குளிருக்கா, சத்தத்துக்கா

ஒரே சட்டத்தில் மூன்று கண்ணாடி அடுக்கிய ஜன்னல் வைத்த ஒரு வீட்டுக்கு எதிர்வீடு தீப்பிடித்துக்கொண்டதாம். தீயணைப்பு வண்டிகள் இரண்டு சைரன் அலற வந்து, தெருவையே குளிப்பாட்டிவிட்டுப் போயினவாம். மூன்று கண்ணாடி வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியவில்லையாம். மறுநாள் காலை திரையை விலக்கிப் பார்த்தவர், "எதிர்வீட்டை எப்போ இடிச்சாங்க?" என்று மனைவியைக் கேட்டாராம்.

இதைச் சொன்னது என் அண்ணன். அண்ணனுக்குச் சொன்னது அவனோடு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர். அவருக்குச் சொன்னது அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அந்த வீட்டுக்காரரே சொன்னாராம்டா."

"எந்தத் தெரு?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். தெருவைச் சொன்னா போய் பெல் அடிச்சுப் பாக்கப் போறியா?"

"அடிச்சாலும் அவருக்குக் கேக்காதே" என்றாள் அண்ணி.

மூவரும் சிரித்தோம். அண்ணி மட்டும் சீக்கிரம் சிரித்து முடித்துவிட்டு அண்ணனின் முகத்தையே பார்த்தாள். அந்தக் கதையில் கால்வாசியாவது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்பது அவள் கவலை. எனக்கும் அதே கவலைதான். எனக்கு எல்லாமே கவலை என்பது வேறு விஷயம்.

அண்ணிக்கு வேலை போனில். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு இந்த நாட்டு மொழி. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நம் மொழி மட்டும். நடுவில் மேசைமேல் இருக்கும் போனிலிருந்து அண்ணியின் குரல். அவளை இருவரும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அந்த வேலைக்கென்று சில கட்டளைகள் உண்டு. டாக்டர் "எனக்கு" என்றால் அண்ணியும் "எனக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். "டாக்டர் சொல்றாரு" என்று இழுக்கக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன் அபிப்பிராயம் என்று ஒன்றை நடுவில் நுழைக்கவே கூடாது. அழைப்பு முடிந்ததும் குறிப்பெழுதிய தாளைக் கிழித்துப் போட வேண்டும். கேட்டதையும் அதோடு சேர்த்து.

"காலையில நான் கர்ப்பிணி. பத்து மணிக்கு மூட்டுவலிக்காரன். மத்தியானம் மருமகளைப் பத்திப் புகார் சொல்ற மாமியார். சாயங்காலம்தான் தம்பி நான் நானா ஆவேன். அதுக்குள்ள பாத்திரம் கழுவற நேரம் வந்துடும்" என்பாள்.

இதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கத்திய எழுத்தை அவள் படித்ததே அந்தத் துணிகளில் தைத்திருக்கும் சலவைக் குறிப்புகளிலிருந்துதான். பிழியாதே, வெயிலில் உலர்த்தாதே, மிதமான சூட்டில் தேய். இரண்டு வருஷம் இந்த நாட்டு மொழியில் எதைச் சொன்னாலும் கட்டளை போலவே இருந்தது என்று அண்ணன் இன்றும் கேலி செய்வான். அக்கம்பக்கத்துப் பெண்களுக்காக ஆஸ்பத்திரிக்குத் துணைபோய்ப் பேசிப் பேசி நாக்கு பழகியது. மொழிபெயர்ப்பாளர் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினாள். முடிவு வந்த அன்று சலவைக்கூடத்துத் தொப்பியைக் குப்பைக் கூடையில் வீசினாள். பத்து நிமிஷம் கழித்து எடுத்து, துவைத்து, மடித்து, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் சுபாவம் அது.

பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரிப் பிரிவில் இருக்கிறாள். நிறுவனத்தில் நம் மொழிக்கு மிகவும் நம்பிக்கையான குரல் என்று பெயர் எடுத்தவள். அந்தக் குரலுக்கு எமனாக வந்தது இருபத்தேழாம் நம்பர் பஸ்.

அவளுடைய வேலை அறை மாடியில் தெருப்பக்கம். ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். முன்பெல்லாம் பஸ் வரும், நிற்கும், போகும். போன வருஷம் அந்த நிறுத்தத்தை ஓட்டுநர் மாறும் இடமாக்கிவிட்டார்கள். ஒருவர் இறங்குவார், அடுத்தவர் ஏறுவார், நடுவில் இருவரும் உலகக்கதை பேசுவார்கள். எட்டு நிமிஷம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய மரச்சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி. விளிம்பில் கண்ணாடியைப் பிடித்திருந்த மக்குப் பூச்சு உதிர்ந்து, குடுவைக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஜன்னல் முழுவதும் ரீங்கரிக்கும்.

அறையை மாற்றினால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். கீழே சமையலறையும் கூடமும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. கதவுள்ள தனியறை வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. மாடியில் இன்னொரு அறை உண்டுதான். விடியற்காலை வேலைக்குப் போய் மதியம் திரும்பும் அண்ணன் அங்கே தூங்குவான். அவன் குறட்டை சுவரைத் தாண்டும்.

"பஸ்ஸாவது எட்டு நிமிஷத்துல கிளம்பிடும்" என்பாள் அண்ணி.

செய்யாத வைத்தியமில்லை. ஜன்னலில் ஆணியடித்துக் கம்பளி தொங்கவிட்டாள். மெத்தையைத் தூக்கிச் சாத்திவைத்தாள். அது ஒருநாள் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் முதுகில் விழுந்தது. கீழே இறங்கிப்போய் ஓட்டுநரிடமே கேட்டுப் பார்த்தாள். "எஞ்சினை நிறுத்தினா உள்ள இருக்கற பயணிங்க குளிர்ல வெறைப்பாங்கம்மா. பஸ்னா சத்தம் போடத்தான் போடும். பாட்டா பாடும்?" என்றாராம். அந்தப் பதிலையும் அவள் எங்களுக்குக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள், அவருடைய கையசைப்போடு.

பிறகு அந்த அழைப்பு வந்தது. யார், எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை, சொல்லமாட்டாள். ஒரு டாக்டர் ஒரு மனிதரிடம் பரிசோதனை முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல முடிவு இல்லை. அண்ணி வாயைத் திறந்த நேரம் பஸ் வந்து நின்றது. "என்னம்மா சொல்றீங்க, கேக்கல" என்றார் அந்த மனிதர். அண்ணி திரும்பச் சொன்னாள். "ஒரே இரைச்சலா இருக்கு, இன்னொரு தடவை சொல்லுங்க." விதிப்படி டாக்டரிடம் அதைச் சொல்ல, டாக்டர் மறுபடி தொடங்க, அண்ணியும் மறுபடி.

"ஒரு மனுஷன்கிட்ட அவன் சாவை மூணு தடவை சொன்னேன் தம்பி. கடைசித் தடவை கத்திச் சொன்னேன். காய்கறி விக்கிற மாதிரி."

டாக்டர் புகார் எழுதினார். நியாயமான புகார், எனக்கே கோபம் வரவில்லை. நிறுவனத்து மேற்பார்வை அம்மாள் போன் செய்து, ஆறு வாரம் கழித்து அறையில் ஒலிச் சோதனை நடக்கும் என்றாள். போனில்தான் நடக்கும், எந்த நேரத்தில் என்று சொல்லமாட்டார்கள். தேறாவிட்டால் ஆஸ்பத்திரிப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு பார்சல் வரவில்லை, மின்சார மீட்டர் ஓடவில்லை என்ற அழைப்புகள் மட்டும்தான். அவற்றை இப்போதும் இடையிடையே எடுக்கிறாள். ஆனால் அதுவே முழுநேரமாவது வேறு.

"துணி மடிச்சவளை மறுபடி துணி மடிக்க அனுப்பற மாதிரி" என்றாள்.

ஆக, ஜன்னல். புதிது செய்து வர நாலு வாரம் ஆகும் என்றார்கள் ஜன்னல் நிறுவனத்தில். தீர்மானிக்க எங்களுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு ஜன்னலைத் தீர்மானிக்க இரண்டு வாரம் போதாதா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணாடியா, மூன்று கண்ணாடியா? அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில் பெட்டி அடுக்குகிறவன் அவன். வீட்டுக்கு வந்தாலும் இரண்டு ஸ்வெட்டருக்குமேல் போர்வை சுற்றிக்கொண்டுதான் டீ குடிப்பான். கிடங்கில் அவனுக்கு 'போர்வை' என்றே பெயர். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் எங்கேயோ காற்று நுழைவதால் வருவது என்பது அவன் சித்தாந்தம்.

நான் எதையும் ஆராயாமல் செய்யமாட்டேன். ஆராய்ந்த பிறகும் செய்யமாட்டேன் என்பது அண்ணன் என்னைப் பற்றிச் சொல்வது. இரண்டு மொழியிலும் தேடினேன். பதினான்கு பக்கம் குறிப்பெடுத்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. ஒருவர் மூன்றுதான் என்கிறார், இன்னொருவர் மூன்று வெறும் வியாபாரம் என்கிறார். கண்ணாடிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, அதில் என்ன வாயு, சட்டம் மரமா பிளாஸ்டிக்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. எனக்கு உருப்படியாக விளங்கியது ஒன்றுதான்: குளிரைத் தடுக்கும் கண்ணாடி வேறு, பஸ் உறுமலைத் தடுக்கும் கண்ணாடி வேறு; எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

"ரெண்டைவிட மூணு பெருசா இல்லையாடா?" என்றான் அண்ணன்.

"கணக்கு அப்படி இல்லண்ணா. கண்ணாடியோட தடிமன்..."

"பாத்தியா? இவனுக்கு ஒண்ணு ரெண்டு மூணுலகூடத் தகராறு."

"ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றாள் அண்ணி. "அளக்க ஒருத்தர் வருவாருல்ல, அவர்கிட்டயே கேட்டுடலாம். அவருக்குத் தெரியாததா?"

இது நியாயமாகப் பட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு முடிவை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அளவுக்காரர் வந்தார். பருத்த மனிதர், அறுபதை நெருங்கியவர், காதில் பென்சில். கடையில் இருப்பவர்கள் போல வாய்ப்பந்தல் போடாதவர். வீடு அண்ணன் பேரில் இருப்பதால் ஒப்பந்தத் தாளில் அவன் பெயரைப் பார்த்துக்கொண்டு அவனிடமே பேசினார். அண்ணனுக்கு இந்த மொழியில் வணக்கம், நன்றி, பெட்டி, பக்கத்தில் வராதே ஆகியவை சரளம். அண்ணி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

மாடிப்படியருகே அளவுக்காரர் ஏதோ சொன்னார். அண்ணி அண்ணனைப் பார்த்து, "எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆச்சு, மெதுவாத்தான் ஏறுவேன்" என்றாள்.

"உனக்கு எப்போடி ஆபரேஷன் ஆச்சு?" என்றான் அண்ணன்.

நான் சிரித்த சிரிப்பில் அளவுக்காரரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். அண்ணி வெட்கப்பட்டு, "பழக்கதோஷம்" என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அளவுக்காரரின் வேன் வழியை மறித்திருந்தது. அதை நகர்த்த இடம் வேண்டுமானால் என் காரை எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தெரு சுற்றிய பிறகுதான் நிறுத்த இடம் கிடைத்தது. திரும்பி வந்தபோது அளவுக்காரர் டீயைக் குடித்து முடித்து, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தார்.

"மூணே போட்டாச்சு" என்றான் அண்ணன், தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.

"சத்தத்தைப் பத்திக் கேட்டீங்களா அண்ணி?"

"எல்லாம் விளக்கமாச் சொன்னாரு தம்பி."

"என்ன சொன்னாரு?"

அண்ணி சற்று யோசித்தாள். "நல்ல மனுஷன். பொறுமையா விளக்கினாரு" என்றாள்.

அப்போதே நான் பிடித்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக, வாயிலிருந்து வார்த்தை வெளியே போன மறுகணம் அதை மறப்பதையே தொழிலாகச் செய்தவள் அவள். அவளிடம் போய் அரைமணி நேரத்துக்கு முந்தைய பேச்சில் என்ன இருந்தது என்று கேட்டால்? பிடிக்கவில்லை. அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு தெரிந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

ஜன்னல் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் என் முகவரிக்குத்தான் வர ஏற்பாடு. அது வந்தது. திங்கட்கிழமையே வந்து, விளம்பரங்களோடு விளம்பரமாக வேண்டாத அஞ்சல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பார்த்தது வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி ஐந்து நிமிஷம்.

மூன்று கண்ணாடி, மூன்றும் ஒரே தடிமன். 'வாடிக்கையாளரின் தேவை' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: குளிர். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. தெருச் சத்தத்தைக் குறைப்பது நோக்கமானால் இந்த அமைப்பு ஏற்றதல்ல. ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும், நடுவில் ஒலியை உறிஞ்சும் மெல்லிய படலம் ஒட்டிய இரண்டு கண்ணாடி அமைப்பே அதற்குப் பொருந்தும். மாற்ற விரும்பினால் வியாழன் மாலை நான்கு மணிக்குள், போனில் மட்டும். அதன்பின் கண்ணாடி வெட்டப்படும். வெட்டிய கண்ணாடியை மாற்ற இயலாது.

என் வீடு அடுத்த தெருதான். ஓடினேன்.

மாடியில் அண்ணியின் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது. உள்ளே ஓர் அழைப்பு நடக்கிறது, வீடே இடிந்து விழுந்தாலும் தட்டக் கூடாது என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் அவள் குரல், "எனக்கு ரெண்டு நாளா வாந்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து அறைக்குப் போய் அண்ணனை உலுக்கினேன்.

"என்னடா, தீயா?"

"அண்ணா, அளக்க வந்தவர்கிட்ட நீ என்ன சொன்னே?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"என்ன கேட்டாரு?"

அண்ணன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். "உங்களுக்கு எது முக்கியம், குளிரா சத்தமான்னு கேட்டாரு. குளிர்னா மூணு கண்ணாடி, சத்தம்னா அது வேற வகைன்னு அவதான் சொன்னா. எனக்கு எது முக்கியம்? எனக்குக் குளிர். குளிருக்குத்தான்னேன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"அப்படியே அவர்கிட்ட, எனக்குக் குளிருக்குத்தான்னு சொன்னா. கேள்வியை அவதான கேட்டா, பதிலையும் அவதான சொன்னா. அவளுக்கும் அதான் சம்மதம்போலன்னு நான் நெனச்சேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. யாருடைய அறைக்காக, யாருடைய பிழைப்புக்காக அந்த ஜன்னலோ அவளே நடுவில் நின்று, கேள்வியைக் கூட்டாமல் இந்தப் பக்கம் கொடுத்து, பதிலைக் குறைக்காமல் அந்தப் பக்கம் கொடுத்திருக்கிறாள். தனக்கும் ஒரு பதில் உண்டு என்று ஒரு வார்த்தை நுழைக்கவில்லை. நுழைக்கக் கூடாதல்லவா, தொழிலில்! சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதைக்கூட ஒரு பிழையில்லாமல் இரண்டு மொழியிலும் செய்துவிட்டாள்.

அண்ணனைக் கீழே கூடத்துக்கு இழுத்துவந்து, மூன்று இருபத்தைந்துக்கு நிறுவனத்தின் எண்ணைச் சுழற்றினேன். வரிசையில் ஆறாவது ஆள் என்றது ஒரு பதிவுக்குரல். ஐந்தாவது. ஐந்தாவது. மறுபடி ஐந்தாவது. மூன்று நாற்பதுக்கு ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். மரியாதையான பெண்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்தான் மாற்றத்தைக் கேட்க வேண்டும், பதிவு செய்யப்படும் அழைப்பு இது என்றாள். அண்ணனிடம் கொடுத்தேன். அவன் "வணக்கம், நன்றி" என்றுவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். முடியாது என்றாள். மனைவி? அவள் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், சான்றிதழே இருக்கிறது! முடியாது. குடும்பத்தினர் வழியாக ஒப்புதல் வாங்கியதில் முன்பு ஏதோ தகராறு நடந்ததாம். அளக்க வரும்போது மனைவி போதும், கையெழுத்து வாங்கும்போது மனைவி போதும், தப்பைத் திருத்தும்போது மட்டும் ஆகாது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு மொழியிலும் வார்த்தை இருந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

"கவலைப்படாதீர்கள்" என்றாள் அந்தப் பெண். "இதற்கு எங்களிடம் ஏற்பாடு உண்டு. மொழிபெயர்ப்பாளரை வரிசையில் இணைக்கிறேன். உங்கள் அண்ணன் அப்படியே காத்திருக்கட்டும்." பியானோ இசை தொடங்கியது.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணனைப் போனோடு கூடத்தில் உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அண்ணி ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, குறிப்புத் தாளைக் கிழித்தபடி வாசலில் நின்றாள். அடுத்த அழைப்பு வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வந்தவள். எனக்குச் சுற்றி வளைக்க நேரமில்லை. மின்னஞ்சலை நீட்டினேன்.

படித்தாள். தேவை என்ற இடத்தில் விரல் நின்றது.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "என் வாயாலயே... குளிரா சத்தமான்னு நான்தான் தம்பி கேட்டேன். இப்ப ஞாபகம் வருது. அவர் குளிர்னதும் எனக்குள்ள ஒண்ணு சுருக்குன்னுச்சு. ஆனா நான் யாரு குறுக்க பேச? பேசறது என் வேலை இல்லன்னு..." சுவரில் சாய்ந்துகொண்டாள். "என் வீட்டுல நின்னுக்கிட்டு நான் யாருன்னு நெனச்சிருக்கேன் பாருங்க."

"இன்னும் நேரம் இருக்கு அண்ணி. அண்ணன் லைன்லதான் இருக்கான். மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிடறாங்க. நாலு வார்த்தை சொன்னா மாத்திடுவாங்க."

"ஆளைக் கூப்பிடறாங்களா?" அண்ணி நிமிர்ந்தாள். "எங்கிருந்து?"

"ஏதோ நிறுவனத்திலிருந்து. அவங்களோட ஏற்பாடாம்."

அவள் முகம் மாறியதற்குக் காரணம் எனக்கு உடனே புரியவில்லை.

"தம்பி, இந்த ஊர்ல போன்ல மொழிபெயர்க்கிற நிறுவனம் எத்தனை இருக்குன்னு நினைக்கறீங்க? எங்களோடது ஒண்ணுதான். மத்தியான நேரத்துல அதுல நம்ம பாஷைக்கு ரெண்டு பேரு. நானும், வாத்தியாருன்னு நாங்க கூப்பிடற இன்னொருத்தரும். வாத்தியாரு கண் ஆபரேஷனுக்கு லீவுல இருக்காரு."

சொல்லி முடிக்கவில்லை, அறைக்குள் அவள் மேசைமேல் மணி அடித்தது.

இருவரும் உள்ளே போனோம். திரையில் ஜன்னல் நிறுவனத்தின் பெயர் பச்சை எழுத்தில் மின்னி மின்னி வந்தது. மணி மூன்று ஐம்பத்தொன்று.

"எடுங்க அண்ணி!"

"எப்படி எடுக்கறது? சொந்தக்காரங்க அழைப்புன்னா அந்த நிமிஷமே சொல்லிட்டு விலகணும். விலகினா வேற ஆள் இல்ல. இப்போ மொழிபெயர்ப்பாளர் கிடைக்கல, நாளைக்குப் பண்ணுங்கன்னு அந்தப் பொண்ணு வெச்சிடுவா. நாளைக்கு என்ன இருக்கு?"

"சொல்லாம எடுங்க. யாருக்குத் தெரியும்?"

"பதிவாகுதே தம்பி. ஏற்கெனவே புகார் இருக்கறவ நான். என்னோட ஒவ்வொரு அழைப்பையும் அந்த அம்மா உக்காந்து கேக்கறாங்க. எடுத்ததும் உங்க அண்ணன் சும்மா இருப்பாரா? ஏய், நீயாடின்னு கேப்பாரு."

கேட்பான். சத்தியமாகக் கேட்பான். கீழே போய் அவன் வாயைப் பொத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவனும் பேசினால்தானே மாற்றம் நடக்கும்?

"எடுக்காம விட்டா?"

"தவறவிட்ட அழைப்புன்னு என் பேர்ல விழும்."

ஆஸ்பத்திரிப் பிரிவைக் காப்பாற்றத்தான் ஜன்னல். ஜன்னலைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிப் பிரிவையே பணயம் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கதவில் முட்டிக்கொண்டோம். எனக்கு அந்த அளவுக்காரர் மேல் கோபம் வந்தது, அந்தப் பெண் மேல், வேண்டாத அஞ்சல் மேல், தீயணைப்பு வண்டிக் கதையைக் கிளப்பிவிட்ட முகம் தெரியாத சகலை மேல். அண்ணி யார்மேலும் கோபப்படவில்லை. ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்துக் காதில் மாட்டினாள். கை பொத்தானுக்குப் போனது. பொத்தானுக்குமேல் ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது.

"எனக்கு எது முக்கியம்னு இப்போ யாராவது கேட்டா, பளிச்சுன்னு சொல்லுவேன் தம்பி" என்றாள், திரையைப் பார்த்தபடி.

கீழேயிருந்து அண்ணனின் குரல் உற்சாகமாக ஏறி வந்தது.

"ஏய், இவளே! கவலைப்படாதே, நம்ம பாஷை ஆளைப் பிடிச்சுட்டாங்க, ரிங் போகுது!"

மணி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணியின் விரல் இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

"என்னடா இது, எடுக்கவே மாட்டேங்கறாங்க" என்றான் அண்ணன், கீழிருந்து. "யாரும்மா அது, தூங்கறாங்களா?"